மஞ்சள் துணி சுற்றிய விரல்

டிரசரய்யா,

இன்று விடிந்ததிலிருந்து பக்கத்து வீட்டில் ஆட்டுத் தலை வாட்டுகிறார்கள். கேஸ் குழாயின் நீல நெருப்பு சீறச் சீற, மயிர் கருகும் வாடை மதிலைத் தாண்டி என் அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சன்னல்களை அடைத்தேன். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினேன். போகவில்லை. அந்த வீட்டு மருமகள் மதில்மேல் எட்டிப் பார்த்து, “பாட்டி, தலக்கறி ஒரு கிண்ணம் கொண்டாரட்டா?” என்றாள்.

“உங்க வீட்டுத் தலைய நீங்களே தின்னுங்க லா. எனக்குக் கொமட்டுது.”

“பாட்டிக்கு வாய் மட்டும் கொறயல,” என்று உள்ளே யாரிடமோ சொல்லிச் சிரித்தாள்.

இந்த வாடை வந்தால் எனக்கு உங்கள் ஞாபகம் வருகிறது. இது உங்களுக்குப் பெருமையான சேதி அல்ல. மலாக்காவில் உங்களை அடக்கம் செய்த அன்று உங்கள் மகன் ஆளனுப்பியும் நான் வரவில்லை. உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேராகச் சண்டை போட்டவள், பெட்டிக்குள் கிடக்கும் முகத்தைப் பார்த்து மூக்கைச் சிந்திவிட்டு வருவது எனக்கு ஒப்பவில்லை. நம் சண்டை முடியவில்லை. மீதியை எழுதுகிறேன்.

மெர்லிமாவுக்கும் சுங்கை ரம்பாய்க்கும் நடுவில் இருந்த நம் ரப்பர்த் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த லயங்கள் முன்பு தள்ளித் தள்ளித்தான் இருந்தன. அவசரகாலம் வந்தது. வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறது என்று சொல்லி, எல்லாரையும் அள்ளி ஒரே முள்கம்பி வேலிக்குள் போட்டார்கள். மனிதரும் மாடும் ஆடும் கோழியும் ஒரே சேற்றில். மழை பெய்தால் கக்கூஸ் குழி நிரம்பி வாசலுக்கு வரும். அந்த நாற்றத்தில்தான் சோறு தின்றோம். வேலி வாசலில் துப்பாக்கிக்காரன் நிற்பான். பால்வெட்டுக்குப் போகும் பெண்களின் தூக்குச்சட்டியைத் திறந்து, மூக்கை நுழைத்து மோந்து பார்ப்பான்.

என் ஆடுகளும் அந்த வேலிக்குள்தான் வந்தன. அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மாவும் அந்த ஏக்கத்திலேயே போனாள். அவள் விட்டுப்போனது தம்பியும் ஆடுகளும்தான். அந்த ஆடுகள் இருந்ததால் நாங்கள் இருவரும் பெரிய கங்காணியின் வாசலில் கடனுக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்காமல் இருந்தோம். தோட்டத்தில் மற்ற எல்லாரும் நின்றார்கள். கங்காணிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கோயில் தலைவரும் அவர்தான், வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவரும் அவர்தான், கள்ளுக்கடையில் முதல் மரவைக் கள் அவருக்குத்தான்.

வேலிக்குள் புல் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் லாலான் புல் இடுப்பளவு நின்றது. ஆடுகள் கம்பிக்குள் தலையை விட்டு எட்டி எட்டி இழுக்கும். குட்டிகள் பசியில் கத்துவதைப் பொறுக்காமல் தம்பி ஒருநாள் ஊரடங்கு நேரத்தில் கம்பிக்கடியில் நுழைந்து புல் அறுக்கப் போனான். தொடை கிழிந்து திரும்பி வந்தான். அந்த நேரத்தில் வெளியே இருந்தவன் என்று தெரிந்தால் அவனைக் காட்டுக்காரன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். சுட்டிருந்தாலும் கேட்க ஆளில்லை, சுடாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பலேற்றியிருப்பார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, காயம் கட்டிக்கொண்டிருந்த உங்களிடம் ஓடிவந்தேன். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டுத் தரையில் மண்டியிட்டு, அவன் வாயில் துணியைத் திணித்துத் தைத்தீர்கள். போகும்போது உங்கள் யாழ்ப்பாணத் தமிழில், “நான் இஞ்ச ஒண்டும் பாக்கேல்ல, பிள்ளை. விளங்குதோ?” என்றீர்கள். அன்று உங்களைச் சாமி என்று நினைத்தேன். அந்த நினைப்பைக் கெடுத்தது நீங்கள்தான்.

அடுத்து வந்தது ஆடுகளின் வாய். முதலில் இரண்டு குட்டிகளின் உதட்டோரம் சிவந்து தடித்தது. பிறகு கொப்புளம், பிறகு சீழ், பிறகு கருப்பாக, முருங்கைப் பட்டைபோல் பொருக்கு. பொருக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறி உதடே தெரியாமல் போனது. லேசாகப் பட்டாலும் பிளந்து ரத்தம் கசியும். ஈ மொய்த்துக்கொண்டே இருக்கும். அந்த வாயோடு குட்டி தாயின் மடியை முட்டும். தாயின் காம்பிலும் அதே புண் வந்துவிட, அது எட்டி உதைக்கும். குட்டி பாலில்லாமல் வாயைத் திறந்தபடி நிற்கும். அந்த வாயிலிருந்து வந்த நாற்றத்தை என்னால் எழுத முடியும், ஆனால் வேண்டாம்.

இந்த நேரத்தில்தான் கங்காணி கோயில் வாசலில் நின்று அறிவித்தார். நான் ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்ட குட்டி ஒன்று அவர் பட்டியில் கட்டிக் கிடந்தது. திருவிழாவுக்கு முன்பே அது காணாமல் போயிருந்தது.

“ஆத்தா மொதல்ல தன் குட்டியத் தானே எடுத்துக்கிட்டா. கயிறு மட்டும் கெடந்துச்சு, நாங் கண்ணால பாத்தேன். அப்புறந்தான் மத்ததுக்கு முத்துப் போட்டிருக்கா. இது அம்மை. எவனும் மருந்து மாயம்னு ஆட்டுகிட்ட போகக்கூடாது, அறுக்கவும் கூடாது. வேப்பிலையக் கட்டுங்க.”

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் ஆடுகளின் கழுத்தில் வேப்பிலை ஏறியது. எனக்கும் ஆத்தாள் உண்டு, நானும் தீச்சட்டி எடுத்தவள். ஆனால் ஆத்தாள் வந்தால் உதட்டோரத்தில் மட்டுமா வருவாள் என்று ஒரு சந்தேகம் எனக்கு.

இரண்டொரு நாளில் கள்ளுக்கடைக்குப் பின்னால், குப்பைக் குழியோரம் நாய்கள் எதையோ இழுத்துச் சண்டை போட்டன. கல்லெறிந்து விரட்டிவிட்டுப் பார்த்தேன். குட்டியின் தலை. காதில் நான் போட்ட வெட்டு அப்படியே இருந்தது. கண்ணில் புழு. உதட்டில் அந்தப் பொருக்கு. ஆத்தாள் எடுத்துக்கொண்ட குட்டி! அதைக் கள்ளுக்குத் தொட்டுக்கொள்ளத் தின்று தீர்த்திருக்கிறார்கள், அதுவும் சீக்கு வந்த குட்டியை. நான் அங்கேயே வாந்தியெடுத்தேன். பிறகு தலையை மண்ணெண்ணெய் டின்னில் போட்டு உங்களிடம் கொண்டுவந்தேன். கையில் ஒரு வெள்ளாட்டுக் குட்டியும் இருந்தது.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நீங்கள் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆட்டு வைத்தியர் இல்லை நீங்கள். “எங்கட வீட்டிலயும் ஆடு நிண்டது, கொஞ்சம் தெரியும்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். குட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்தீர்கள். அடிவயிற்றில் மயிரில்லாத இடத்தை விரலால் தடவினீர்கள். நாலு குளம்புகளையும் பிளந்து பார்த்தீர்கள். நாக்கை இழுத்துப் பார்த்தீர்கள்.

“ஆட்டம்மை எண்டா வாலுக்குக் கீழயும் தொடையிடுக்கிலயும் போட்டிருக்கும், காய்ச்சலில துவண்டு கிடக்கும். இதில அங்க ஒண்டுமில்லை. கோமாரி எண்டா குளம்பு வெடிச்சு நொண்டும், மாடும் விழுந்திருக்கும். வண்டி மாடு எப்பிடி?”

“அது கல்லாட்டம் இருக்குங்க.”

“ஓம். இது உதட்டில வாற பொருக்குப் புண். ஆட்டுக்கு ஆடு ஒட்டும். முதல்ல ஆருக்கு வந்தது? கம்பிக்குள்ள தலையை விடுறதுகளுக்குத்தானே? கம்பி கீறின இடத்தால கிருமி போயிருக்கு. கொஞ்ச வாரத்தில தானா உதிரும். குட்டிக்குப் பாலைக் கறந்து ஊத்து, சாகாது. பொருக்கைப் பிய்க்காத. விழுந்ததைக் கூட்டி எரி. அதில கிருமி கனநாள் கிடக்கும்.” பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பினீர்கள். கட்டைவிரல் மடிப்பில் ஒரு கொப்புளம். “மனுசருக்கும் வரும். தொட்ட இடத்தில ஒண்டு, ரெண்டு. அதோட சரி. செத்துப்போக மாட்டாய்.”

டின்னைத் திறந்து காட்டினேன். தலையைக் குனிந்து பார்த்தீர்கள். மூடினீர்கள்.

“கங்காணி வெரல்ல மஞ்சத் துணி சுத்தியிருக்காரே, அதுவும் இதுதானுங்களே? வாயப் பொத்தி அறுத்திருக்காரு, ஒட்டிக்கிச்சு. நீங்கதான கட்டுப் போட்டீங்க?”

நீங்கள் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவினீர்கள். நெடுநேரம் கழுவினீர்கள். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு நம் தமிழ் தெரியும் என்று ஒரு பெருமை. புத்தகம் வைத்துப் படித்தவர். அம்மை என்றால் என்ன என்று அந்தப் புத்தகத்தில், ஊரையே கொல்லும் பெரியம்மை என்று ஒரே ஒரு அர்த்தம்தான் போட்டிருந்தது போலிருக்கிறது. லயத்துக்குள் அம்மை என்று யாரோ சொல்லக் கேட்டதும், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அத்தனை பேரையும் நிறுத்திவிட்டார். துப்பாக்கிக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

“ஆடுக்கு என்ன சீக்கு?” என்று கத்தினார்.

“அம்மை, தொரே!” என்று களமே சொன்னது. பிள்ளைகளும் சொன்னார்கள்.

நீங்கள் முன்னால் போய் இங்கிலீஷில் பேசினீர்கள். இது மனிதருக்கு வரும் அம்மை இல்லை, இவர்கள் சொல்வது வேறு, எல்லாருக்கும் நானே அம்மை குத்தியிருக்கிறேன் என்று சொன்னதாகப் பிறகு எனக்குச் சொன்னீர்கள். துரைக்குக் காதில் ஏறவில்லை. நான் என் கையை நீட்டினேன். கொப்புளம் அன்று புதிதாகப் பழுத்து நின்றது. துரை இரண்டடி பின்னால் போனார். எதை நிரூபிக்க நீட்டினேனோ அதற்கு நேர்மாறாக ஆகிவிட்டது. கூட்டத்தில் ஒருத்தி, “ஆத்தாள மருந்துக்குக் கொண்டுபோனாள்ல, அதான்,” என்றாள்.

கால்நடை இலாகா ஆள் மலாக்காவிலிருந்து வர வேண்டும். ரோட்டில் காட்டுக்காரர்கள் லாரியைச் சுட்டதால் பாதை அடைத்துக் கிடந்தது. அதுவரை காத்திருக்க முடியாது, ஆடுகளை இன்றே சுட்டு எரிக்க வேண்டும் என்றார் துரை. இது வந்து ஆறிப்போன ஒரு ஆளையாவது காட்டு, நம்புகிறேன் என்றார்.

நீங்கள் எங்கள் பக்கம் திரும்பினீர்கள். “இந்தப் புண் வந்து, ஆறி, நல்லா நடமாடுற ஆக்கள் ஆராவது இருந்தா முன்னுக்கு வாங்கோ. ஒரு ஆள் போதும். ஆடுகள் தப்பும்.”

ஒரு ஆள் இருந்தார். விரலில் வந்து, ஆறி, பெண்டாட்டி பிள்ளைக்குக்கூட ஒட்டாமல், கள் குடித்து ஏப்பம் விட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார். அவர் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டதை நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். அந்த விரலைக் காட்டினால் குட்டி எப்படிப் போனது என்று யாரேனும் கேட்பார்கள். ஆத்தாள் எடுத்தது அல்ல, ஆத்தாள் பேரைச் சொல்லித் தின்றது என்று ஆகிவிடும்.

நான் வாயைத் திறந்தேன். “தொரே, கோயில் குட்டியோட தலை...”

கங்காணி என் பக்கம் சாய்ந்து, சிரித்த முகத்தோடு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “ஒந் தம்பி ஏம்மா நொண்டுறான்? தொரைகிட்டக் கேக்கட்டா?”

அவர் வாயிலிருந்து புளித்த கள் வாடை வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். நான் மூடலாம். எனக்குத் தம்பி இருந்தான். உங்களுக்கு என்ன இருந்தது? நீங்கள் ஒரு பெயரைச் சொன்னால் போதும். நீங்கள் உங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்து கத்தினேன். உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

“இன்னும் நேரம் இருக்கு. போயி அந்தாளு வெரலச் சொல்லுங்க.”

“அது அவன்ர விரல், பிள்ளை.”

“ஆடு என் ஆடு!”

“ஓம். எனக்கு வயிறு எரியுது. பாதை திறக்கிறவரைக்கும் பொறுக்கச் சொல்லி இன்னொருக்காத் துரையிட்டப் போய்க் கேக்கிறன். என்ர வேலையை எடுத்தாலும் கேப்பன். ஆனா அந்த விரலை என்னை நம்பி என்னட்டக் கொண்டுவந்தவன் அவன். உன்ர தம்பியின்ர தொடைக்கு என்னைக் கூப்பிட்டது நீ. நான் ஆருக்காவது சொன்னனோ?”

“அதுவும் இதுவும் ஒண்ணாங்க? சொல்லியிருந்தா என் தம்பிக்கு உசுரு போயிருக்கும். இந்தாளுக்கு என்னா போவும்? மானம். அது இருந்தாத்தானே போறதுக்கு!”

உங்கள் வாய் ஒரு கணம் சிரிக்கப் பார்த்தது. பிறகு சொன்னீர்கள்: “வாய் ஒண்டுதான், பிள்ளை. ஒருத்தருக்குத் திறந்து ஒருத்தருக்கு மூட எனக்குத் தெரியாது.”

நீங்கள் துரையிடம் போனீர்கள். சத்தம் போட்டீர்கள் என்று கேள்வி. பங்களா வாசலிலிருந்து உங்களை வெளியே அனுப்பினார்கள் என்றும் கேள்வி. சாயங்காலம் சுட்டார்கள். துப்பாக்கிக்காரர்களில் ஒருவனுக்குக் குறி சரியில்லை. ஒரு சினையாடு விழுந்த பிறகும் கத்திக்கொண்டே கிடந்தது. கழுத்தில் கட்டிய வேப்பிலையோடு குழியில் தள்ளி, மண்ணெண்ணெய் ஊற்றி, டயர் ரப்பரைப் போட்டுக் கொளுத்தினார்கள். புகை லயம் முழுக்கப் படுத்துக்கொண்டது. அந்தப் புகையில் நின்று கங்காணி கற்பூரம் ஏற்றினார். இத்தனை வயதில் எத்தனையோ அசிங்கம் பார்த்துவிட்டேன், ஐயா. அந்தக் கற்பூரத்தைப் போல ஒன்றைப் பார்க்கவில்லை.

என்னை ஆஸ்பத்திரியின் கோடி அறையில் பூட்டிவைத்தார்கள். நீங்களே சோறு கொண்டுவந்து கொடுத்தீர்கள். நான் சுவரைப் பார்த்துத் தின்றேன். கொப்புளம் பொருக்காகி, காய்ந்து, உதிர்ந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே, வேறெங்கும் வரவில்லை. பாதை திறந்து இலாகா ஆள் வந்தபோது பார்ப்பதற்கு என் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, நீங்கள் சொன்ன அதே புண்தான் என்றார். ஆடுகள் எங்கே என்று கேட்டார். துரை எனக்கு ஒரு டின் பால்மாவு அனுப்பிவைத்தார். அதைக் குழியோரம் கொண்டுபோய்க் கொட்டினேன்.

பிறகு நானும் தம்பியும் கங்காணி வாசலில் போய் நின்றோம். கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றோம். வேலி பிரிக்கும்வரை நின்றோம். அது எப்படிப்பட்ட ருசி என்று உங்களுக்குத் தெரியாது.

மனிதருக்கு அம்மை பரவாமல் ஆத்தாள் காத்தாள் என்று கங்காணி பொங்கல் வைத்தார். தோட்டம் மாலை போட்டது. இன்றைக்கும் அவர் பேரன் கோயில் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கள் தாத்தா இந்தத் தோட்டத்தையே அம்மையிலிருந்து காப்பாற்றினார் என்கிறான். போன திருவிழாவில் நான் எழுந்து நின்றேன். “ஒந் தாத்தா கைய வெளிய எடுத்திருந்தா என் ஆடு பொழச்சிருக்கும்டா!” என்றேன். அவன் மைக்கிலேயே, “பாட்டிக்கு டீ கொடுங்கப்பா,” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

உங்களைக் கடைசியாகப் பார்த்தது டுரியான் துங்காலில் ஒரு கல்யாணத்தில். காது மந்தமாகி, கைத்தடியோடு உட்கார்ந்திருந்தீர்கள். நான் பக்கத்தில் போய் நின்றவுடன் என் கட்டைவிரலைத்தான் முதலில் பார்த்தீர்கள். “இன்னும் கோவமோ, பிள்ளை?” என்றீர்கள். “ஆமா,” என்றேன். “கோவமாவே இரு. அது உன்ர நியாயம்,” என்று சொல்லிவிட்டுப் பந்தியைப் பார்க்கத் திரும்பிவிட்டீர்கள். சமாதானமாகப் போயிருக்கலாம் என்று என்னை அழைத்துவந்தவர்கள் சொன்னார்கள். சமாதானமாகப் போக நான் என்ன தவறு செய்தேன்?

என் பதிலை இப்போது சொல்கிறேன், கேளுங்கள். ஒருவருக்குத் திறந்து ஒருவருக்கு மூடத் தெரியாது என்றீர்கள். எனக்குத் தெரிந்தது. வேலி பிரித்த அன்றிலிருந்து கங்காணியின் விரலைப் பற்றி நான் சொல்லாத ஆளில்லை. பஸ்ஸில் சொல்லியிருக்கிறேன், பசாரில் சொல்லியிருக்கிறேன், அவர் பிணத்தைத் தூக்கிய அன்று அவர் வாசலிலேயே சொன்னேன். தம்பியின் தொடையைப் பற்றி ஒருவரிடமும் சொன்னதில்லை. அவன் தன் சாவுக்கு முன்பு, தன் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தானே சொல்லிக்கொண்டான். ஆக, ஒரே வாயால் இரண்டும் செய்ய முடியும். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காமல் வீட்டிலேயே எழுதப் படிக்கக் கற்ற நான் செய்தேன். உயிர் போகும் கழுத்துக்கும் மானம் போகும் விரலுக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும்.

இதைச் சொல்லித்தான் மடலை முடிக்க நினைத்தேன். ஆனால் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். இந்த வரிசை வீடுகளில் எத்தனையோ நடக்கிறது. அடி வாங்கிய பெண்கள் இருக்கிறார்கள், வீட்டுக்குச் சொல்லாமல் மருந்து தின்பவர்கள் இருக்கிறார்கள். கறி கொண்டுவரட்டுமா என்று கேட்டாளே, அந்த மருமகளின் முழங்கையில் போன வாரம் ஒரு காயம் இருந்தது. என்ன என்று கேட்டேன். முழுக்கைச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, “ஒண்ணுமில்ல பாட்டி, உங்ககிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும் லா,” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாளும் கூட்டம் குறைந்ததில்லை. எல்லாரும் வந்தார்கள். கங்காணியும் வந்தார், நானும் வந்தேன். என்னிடம், ஐயா, இத்தனை வருஷத்தில் எவரும் தன் புண்ணைக் கொண்டுவந்து காட்டியதில்லை.